ஒரு காத்தாடி, 52,560 வரிசை: எக்ஸெல்லுக்கு எந்த ஆட்-இன் சரியா இருக்கும்?

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போனால், கயத்தாறு வருவதற்கு முன்பே ஜன்னலில் காத்தாடிகள் வந்துவிடும். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்த கயத்தாறுக்கு, இன்றைய அடையாளம் இந்தக் காற்றாலைகள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றுதான் இவற்றுக்கு முதலீடு.

நாம் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால், ஒவ்வொரு காத்தாடியும் கரன்ட்டோடு சேர்த்து டேட்டாவையும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த டேட்டா கடைசியில் வந்து உட்காரும் இடம் யாரோ ஒரு பையனோ பொண்ணோ திறந்து வைத்திருக்கும் எக்ஸெல் ஷீட். ஃபைல் திறக்கவே அஞ்சு நிமிஷம், ஃபார்முலா போட்டால் ஹேங். உடனே கூகுளில் 'பெஸ்ட் எக்ஸெல் ஆட்-இன்' என்று தேடுவோம். நூறு பெயர் வரும். எதைப் போடுவது?

காற்றாலை சைட் ஆபீஸ், தூத்துக்குடி ஷிப்பிங் ஏஜென்சி, உப்பு வியாபாரம், மில் அக்கவுன்ட்ஸ் என்று எங்கே வேலை பார்த்தாலும் இந்தக் கேள்வி வரும். அதற்கான கைடு இது. உதாரணம் முழுக்க கயத்தாறு காத்தாடிதான்.

முதலில், டேட்டா எவ்வளவு?

இந்தியாவில் காற்றாலை அமைந்த ஆரம்ப இடங்களில் தூத்துக்குடி பக்கத்து முள்ளக்காடும் ஒன்று. வருடம் 1986. பிறகு கயத்தாறும் அந்த வரிசையில் சேர்ந்தது. மத்திய அரசின் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதன் காற்றாலை சோதனை நிலையம் இருப்பது கயத்தாறில்தான். டென்மார்க் அரசின் தொழில்நுட்ப உதவியோடு அமைந்த நிலையம் இது.

ஒரு காற்றாலை எந்தக் காற்று வேகத்தில் எவ்வளவு மின்சாரம் தரும் என்று சோதிக்கும்போது, உலக அளவில் 10 நிமிட சராசரியைத்தான் எடுப்பார்கள். காற்றாலைகளைக் கண்காணிக்கும் ஸ்காடா சிஸ்டமும் பெரும்பாலும் 10 நிமிடத்துக்கு ஒரு வரிசை பதிவு செய்யும். கணக்குப் போட்டுப் பாருங்கள்:

• ஒரு மணி நேரத்துக்கு 6 வரிசை, ஒரு நாளைக்கு 144
• ஒரு வருடத்துக்கு (365 நாள்) 52,560
• 20 காற்றாலைக்கு 10,51,200

எக்ஸெல்லின் ஒரு ஷீட்டில் மொத்தமே 10,48,576 வரிசைதான் உண்டு. 2007-க்கு முன்பு இது வெறும் 65,536. அதாவது, 19 காற்றாலை வரை ஒரு ஷீட்டில் உட்காரும். இருபதாவது வந்ததும் 2,624 வரிசை வெளியே நிற்கும். தலைப்பு வரிசையையும் சேர்த்தால் 2,625.

'இத்தனை லட்சத்தில் ரெண்டாயிரம்தானே' என்று விட முடியாது. ஃபைல் காற்றாலை வாரியாக அடுக்கப்பட்டிருந்தால், காணாமல் போவது இருபதாவது காத்தாடியின் கடைசி 18 நாள் கணக்கு. எக்ஸெல் ஒரு எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் ஓகே அமுக்கிவிட்டு, அப்படியே சேவும் பண்ணிவிட்டால், அந்த 18 நாள் ஃபைலிலிருந்தே போய்விடும். பேங்க் லோன் போட்டு ஒரே ஒரு காத்தாடி வைத்திருப்பவருக்கு அது யாருடைய காத்தாடி என்பது பெரிய கேள்வி.

'பல பரிமாண டேட்டா' என்றால் என்ன?

பெயர்தான் பயமுறுத்தும். விஷயம் சிம்பிள். 'அண்ணாச்சி, போன மாசம் எவ்வளவு யூனிட்?' என்று கேட்டால் ஒரே ஒரு எண்தான் பதில். அதையே 'எந்தக் காத்தாடி, எந்த மாசம், பகல்லயா ராத்திரியா, எந்தக் காரணத்தால நின்னுச்சு?' என்று பிரித்துப் பிரித்துக் கேட்டால், அந்த ஒவ்வொரு 'எந்த'வும் ஒரு பரிமாணம்.

கூட்டிப் பார்க்கிற எண்கள் 'அளவு' (யூனிட், ஓடிய மணி நேரம், ரூபாய்). எதை வைத்துப் பிரிக்கிறோமோ அது 'பரிமாணம்' (காற்றாலை, தேதி, நேரம், இடம், பழுதுக் காரணம்).

எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும். உப்பு வியாபாரத்தில் டன்னும் ரூபாயும் அளவு. பாத்தி, தரம், வாங்குபவர், மாதம் எல்லாம் பரிமாணம். துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணிக்கை அளவு. கப்பல், சரக்கு, நாடு, ஏற்றுமதியா இறக்குமதியா என்பதெல்லாம் பரிமாணம்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்ப் பாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் வெட்டலாம், குறுக்கே வெட்டலாம், ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் எடுத்து அதையும் உடைக்கலாம். பாளம் ஒன்றுதான். டேட்டாவை இப்படி இஷ்டப்பட்ட பக்கம் வெட்டிப் பார்ப்பதற்குத்தான் இவ்வளவு சாஃப்ட்வேரும்.

ஒரு குட்டி ஃபிளாஷ்பேக்

1991-ல் லோட்டஸ் நிறுவனம் 'இம்ப்ரூவ்' என்ற ஸ்ப்ரெட்ஷீட்டைக் கொண்டுவந்தது. டேட்டா, ஃபார்முலா, பார்க்கும் விதம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்த ஐடியா அது. 1993-ல் எக்ஸெல் 5-ல் பிவோட் டேபிள் வந்தது. அதே 1993-ல் டேட்டாபேஸ் உலகின் ஜாம்பவான் எட்கர் காட் எழுதிய கட்டுரையில் 'ஓலாப்' என்ற சொல் பிரபலமானது. பல பரிமாண டேட்டாவை உடனுக்குடன் அலசுவதற்கு வைத்த பெயர் அது. அதற்கு 12 விதிகளும் சொன்னார்.

அந்தக் கட்டுரையை எழுதவைத்து ஸ்பான்சர் செய்தது ஆர்பர் சாஃப்ட்வேர். அவர்கள் விற்ற பொருள் 'எஸ்பேஸ்', ஒரு ஓலாப் டேட்டாபேஸ். யார் ஒரு டூலை ஓஹோ என்று சொன்னாலும், 'இவருக்கு இதில் என்ன லாபம்?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது என்பதற்கு 30 வருஷத்துக்கு முந்தைய உதாரணம் இது. இன்றைய 'டாப் 10 ஆட்-இன்' வீடியோக்களுக்கும் அதே கேள்வி பொருந்தும்.

ஆட்-இன்னில் எத்தனை வகை?

ஆட்-இன் என்பது எக்ஸெல்லுக்குள் சொருகும் கூடுதல் கருவி. வாங்குவதற்கு முன் அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் அது எங்கே ஓடும் என்பதை வகைதான் முடிவு செய்கிறது.

1. விண்டோஸ் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்வது. 'காம்' ஆட்-இன் என்பார்கள். சக்தி அதிகம். ஆனால் மேக், மொபைல், பிரவுசர் எதிலும் ஓடாது.

2. மேக்ரோ ஆட்-இன். யாரோ எழுதிய வி.பி.ஏ கோடு ஒரு ஃபைலாக வரும். பாதுகாப்பில் கவனம் தேவை.

3. ஆபீஸ் ஸ்டோர் ஆட்-இன். பிரவுசர் தொழில்நுட்பத்தில் ஓடுவது. விண்டோஸ், மேக், வெப் மூன்றிலும் வேலை செய்யும். ஆனால் உங்கள் டேட்டா வேறு சர்வருக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆபீஸில் பாதிப் பேர் மேக், பாதிப் பேர் மொபைல் என்றால், முதல் வகையை வாங்கிப் பயனில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் பிரச்னை எந்தப் படியில் தீர்கிறதோ, அங்கேயே நின்றுவிடலாம்.

படி 1: பிவோட் டேபிள்

இதற்கு ஆட்-இன்னே வேண்டாம், எக்ஸெல்லிலேயே இருக்கிறது. டேட்டா சில ஆயிரம் அல்லது லட்சம் வரிசைக்குள், ஒரே அட்டவணையில் இருந்தால் இதுவே போதும். காற்றாலையை வரிசையில் போடுங்கள், மாதத்தை நெடுக்கில் போடுங்கள், யூனிட்டை நடுவில் போடுங்கள். ஸ்லைசர் சேர்த்தால் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: டேட்டாவை மாற்றினால் பிவோட் பெரும்பாலும் தானாக மாறாது. ரெஃப்ரெஷ் கொடுக்க வேண்டும். 'நேத்து சேர்த்த எண்ட்ரி எங்க?' என்ற புகாரில் பாதி இதுதான்.

படி 2: பவர் குவெரி

டேட்டா பல ஃபைல்களில் சிதறிக் கிடந்தால் இது. எக்ஸெல் 2010, 2013-க்குத் தனி ஆட்-இன்னாக இருந்தது. 2016-லிருந்து 'டேட்டா' டேபுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு ஃபோல்டரில் மாதாமாதம் சி.எஸ்.வி ஃபைல் போட்டுவைத்தால், அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து, தேவையில்லாத வரிசைகளை வெட்டி, தேதியைச் சரிசெய்து தரும். ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் அடுத்த மாதம் ரெஃப்ரெஷ் மட்டும்தான்.

தேதியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 06/07 என்பது ஜூலை 6-ஆ, ஜூன் 7-ஆ? இரண்டுமே காற்று சீசன் என்பதால் மொத்தத்தைப் பார்த்தால் தப்பு தெரியாது. பவர் குவெரியில் தேதியை மாற்றும்போது 'யூஸிங் லோகேல்' என்ற ஆப்ஷனில் எந்த நாட்டு முறை என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பள்ளம், நேரம். சில கருவிகள் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்யும். நம் நேரத்துக்கும் அதற்கும் 5.30 மணி நேர வித்தியாசம், அதாவது 10 நிமிட டேட்டாவில் 33 வரிசை. கவனிக்காமல் விட்டால் சாயங்கால பீக் நேர யூனிட் மதியக் கணக்கில் போய் உட்காரும்.

மூன்றாவது: மின்தொகுப்பின் கணக்கு 15 நிமிட பிளாக், ஒரு நாளைக்கு 96. காத்தாடியின் கணக்கு 10 நிமிடம். ரெண்டும் நேருக்கு நேர் பொருந்தாது. அரை மணி நேரமாகச் சேர்த்தால்தான் (10 நிமிடத்தில் மூன்று, 15 நிமிடத்தில் இரண்டு) ஒப்பிட முடியும். இதையெல்லாம் சரிசெய்யும் இடம் பவர் குவெரிதான்.

படி 3: பவர் பிவோட்

10 லட்சம் வரிசை தாண்டினாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணையை இணைக்க வேண்டியிருந்தாலோ இதற்கு வாருங்கள். 2010-ல் தனியாக டவுன்லோடு செய்யும் ஆட்-இன்னாக அறிமுகமானது. இப்போது விண்டோஸ் எக்ஸெல்லின் புதிய பதிப்புகளில் கூடவே வருகிறது. ஆன் செய்யத்தான் வேண்டும்: ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய், கீழே 'மேனேஜ்' பெட்டியில் 'காம் ஆட்-இன்ஸ்' தேர்ந்தெடுத்து 'கோ' கொடுங்கள். லிஸ்ட்டில் பவர் பிவோட்டை டிக் செய்தால் புது டேப் வந்துவிடும்.

இதில் டேட்டா ஷீட்டில் உட்காராது. 'டேட்டா மாடல்' என்ற தனி இடத்தில், சுருக்கிய வடிவில் மெமரியில் இருக்கும். அதனால் ஷீட்டின் வரிசை எல்லை இதற்குக் கிடையாது. 100 காற்றாலையின் 52,56,000 வரிசையையும் ஏற்றலாம். அதற்கேற்ற ரேம் வேண்டும், எக்ஸெல் 64-பிட்டாக இருப்பது நல்லது.

ஃபைலைச் சின்னதாக வைக்க ஒரு டிப்ஸ்: ஒரே நெடுவரிசையில் தேதியும் நேரமும் சேர்ந்து இருந்தால் ஒவ்வொரு மதிப்பும் புதுசாகத் தெரியும், சுருங்காது. தேதி தனி, நேரம் தனி என்று பிரியுங்கள். வருடத்துக்கு 365 தேதி, 144 நேரம். மாடல் நன்றாகச் சுருங்கிவிடும்.

நடுவில் பெரிய அட்டவணை (10 நிமிடப் பதிவுகள்), சுற்றிலும் சின்னச் சின்ன அட்டவணைகள் (காற்றாலை விவரம், காலண்டர், பழுதுக் காரணம்). நட்சத்திரம் மாதிரி இணைத்தால், வி-லுக்கப் போட்டு ஃபைலை மூச்சுத்திணற வைக்க வேண்டியதில்லை. நம் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது என்று ஃபார்முலாவில் சொன்னால், ஏப்ரல் முதல் இன்றுவரையான மொத்தத்தை அதுவே கூட்டும்.

பிவோட்டின் சதுர வடிவம் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி: 'ஓலாப் டூல்ஸ்' மெனுவில் 'கன்வெர்ட் டு ஃபார்முலாஸ்' கொடுத்தால், பிவோட்டின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனி ஃபார்முலாவாக மாறிவிடும். மேனேஜர் கேட்கும் டிசைனில் ரிப்போர்ட்டை அடுக்கிக்கொள்ளலாம்.

குறை? டேக்ஸ் என்ற ஃபார்முலா மொழியைப் படிக்க வேண்டும். மேக்கில் பவர் பிவோட் கிடையாது. மொபைலில் மாடல் உருவாக்க முடியாது.

படி 4: பெரிய நிறுவன ஆட்-இன்கள்

ஆரக்கிளின் ஸ்மார்ட் வியூ, ஐ.பி.எம் பிளானிங் அனலிட்டிக்ஸ் ஃபார் எக்ஸெல், எஸ்.ஏ.பி அனாலிசிஸ் ஃபார் ஆபீஸ், ஜெடாக்ஸ் எல்லாம் இந்த வகை. மேலே சொன்ன எஸ்பேஸ், 2007-ல் ஹைப்பீரியனை வாங்கியபோது ஆரக்கிள் கைக்குப் போனது. இவற்றின் வேலை, எக்ஸெல்லை ஒரு ஜன்னலாக மட்டும் வைத்து, டேட்டாவை சர்வரிலிருந்து எடுத்துக் காட்டுவது.

இவற்றை நாமாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறைவு. ஆபீஸில் எஸ்.ஏ.பி ஓடினால் அதன் ஆட்-இன், ஐ.பி.எம் ஓடினால் அதன் ஆட்-இன், அவ்வளவுதான். சர்வர் இல்லாமல் ஆட்-இன் மட்டும் இருந்தால் அது டேங்க் இல்லாத குழாய்.

இவற்றின் முக்கியமான பிளஸ், டேட்டாவைத் திரும்ப சர்வரில் எழுதலாம். 'அடுத்த வருட பட்ஜெட்டை ஒவ்வொரு சைட்டும் அவரவர் நிரப்பட்டும்' என்ற வேலைக்கு இது அவசியம். பவர் பிவோட்டில் அது முடியாது, பார்க்க மட்டும்தான்.

படி 5: எக்ஸெல்லே வேண்டாம் என்றால்?

லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். பிவோட் டேபிள் உண்டு. கூகுள் ஷீட்ஸில் பிவோட் உண்டு. மொபைலிலும் நண்பரோடும் பகிர வசதி. ஆனால் எல்லை ஒரு கோடி செல். நம் 20 காற்றாலைக்கு 10 நெடுவரிசை வைத்தாலே ஒரு கோடியே 5 லட்சம் ஆகிவிடும். ஸோஹோ ஷீட்டிலும் பிவோட் இருக்கிறது. பெரிய டேட்டாவுக்கு ஸோஹோ அனலிட்டிக்ஸ் தனியாக இருக்கிறது. பக்கத்து தென்காசியில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனி என்பது நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் சந்தோஷம். ஆனால் சந்தோஷத்தை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் டேட்டாவை ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

எக்ஸெல்லோடு வரும் 'சால்வர்', 'அனாலிசிஸ் டூல்பேக்' ரெண்டும் ஆட்-இன்தான். ஆனால் வேலை வேறு. சால்வர், 'இருக்கும் ரெண்டு கிரேனை எந்தக் காத்தாடிக்கு எப்போ அனுப்பினா செலவு கம்மி?' மாதிரியான கேள்விக்கு. டூல்பேக் புள்ளியியல் கணக்குக்கு. பல பக்கம் வெட்டிப் பார்க்க இவை உதவாது.

ஆட்-இன்னும் காப்பாற்றாத ரெண்டு தப்பு

எவ்வளவு பெரிய டூல் வாங்கினாலும், தப்பாகக் கேட்டால் தப்பான பதில்தான் வேகமாக வரும்.

தப்பு 1: சராசரியின் சராசரி.

ஒரு உதாரணக் கணக்கு. ஒரு மாதத்தில் முதல் காத்தாடி 720 மணி நேரத்தில் 700 மணி நேரம் தயாராக இருந்தது: 97.2%. இரண்டாவது காத்தாடி மாதத்தின் நடுவில்தான் கணக்கில் சேர்ந்தது. 240 மணி நேரத்தில் 120: 50%. ரெண்டு சதவிகிதத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 73.6%. ஆனால் உண்மையில் 960 மணி நேரத்தில் 820, அதாவது 85.4%.

ஏறக்குறைய 12 சதவிகிதப் புள்ளி வித்தியாசம். பராமரிப்பு ஒப்பந்தங்களில் 'இத்தனை சதவிகிதத்துக்குக் கீழே போனால் இழப்பீடு' என்று எழுதியிருப்பார்கள். இந்த ஒரு எண்ணை வைத்து ஒரு பக்கம் பணம் கேட்கும், இன்னொரு பக்கம் மறுக்கும். தப்பான 73.6-ஐ மீட்டிங்கில் வைத்தால், எதிர்த்தரப்பு ரெண்டு நிமிஷத்தில் கணக்கை உடைத்துவிடும். பிறகு உங்கள் மற்ற எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சாதா பிவோட்டில் சதவிகித நெடுவரிசையை இழுத்து 'ஆவரேஜ்' போட்டால் நடப்பது இந்தத் தப்புதான். பவர் பிவோட்டில் 'மெஷர்' எழுதுங்கள்: ஓடிய மணி நேரத்தின் கூட்டலை, மொத்த மணி நேரத்தின் கூட்டலால் வகுப்பது. எந்தப் பக்கம் வெட்டினாலும் அந்தந்தத் துண்டுக்குப் புதிதாகக் கூட்டி வகுக்கும். காசு கொடுத்து ஒரு ஆட்-இன் வாங்குவதற்கு முன், அது இதைச் சரியாகச் செய்கிறதா என்று இந்த நாலு எண்ணை வைத்தே சோதித்துவிடலாம்.

தப்பு 2: எல்லா மணி நேரமும் ஒன்று என்று நினைப்பது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றில் ஒரு மணி நேரம் நிற்பதும், தை மாதத்தில் ஒரு மணி நேரம் நிற்பதும் ஒன்றா? காற்றில் இருக்கும் ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு.

இதனால் சராசரிக் காற்று வேகமும் ஏமாற்றும். பாதி நேரம் நொடிக்கு 4 மீட்டர், பாதி நேரம் 8 மீட்டர் என்றால் சராசரி 6. அதன் மும்மடி 216. ஆனால் தனித்தனியாகப் போட்டால் 64-ம் 512-ம். அதன் சராசரி 288. முதலில் சராசரி எடுத்ததால் காற்றின் ஆற்றலில் கால் பங்கு கணக்கில் காணாமல் போயிற்று. (காத்தாடி தன் உச்ச அளவைத் தொட்டபின் இந்த ஏற்றம் நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.) அதனால் 10 நிமிட விவரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு மாத சராசரியை மட்டும் வைத்துக்கொள்ளும் டூல் இந்த வேலைக்கு உதவாது. நின்ற நேரத்தை 'சீசன்' என்ற பரிமாணத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான நஷ்டம் தெரியும்.

இதே பாடம் மற்ற தொழிலுக்கும் உண்டு. தீபாவளி வாரத்தில் ஒரு நாள் கடை மூடுவதும், மழை நாளில் மூடுவதும் ஒரே 'ஒரு நாள்' இல்லையே!

பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

• பிவோட் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் யோசியுங்கள். டேட்டா ஷீட்டை அழித்திருந்தாலும், பிவோட் தன் உள்ளே ஒரு பிரதி வைத்திருக்கும். மொத்தத்தின் மீது டபுள் கிளிக் செய்தால் அத்தனை வரிசையும் திறந்துகொள்ளும். சம்பளம், கஸ்டமர் நம்பர், ரேட் எல்லாம் வெளியே போய்விடும். வெளியாட்களுக்கு பி.டி.எஃப் அல்லது மதிப்புகளை மட்டும் பேஸ்ட் செய்த ஷீட் அனுப்புங்கள்.

• இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல்களில் உள்ள மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. 'இதை ஆஃப் பண்ணினாதான் ஆட்-இன் ஓடும்' என்று ஒரு யூடியூப் வீடியோ சொன்னால், வீடியோவை மூடிவிடுங்கள்.

• கிராக் செய்த ஆட்-இன் வேண்டவே வேண்டாம். அது உங்கள் ஃபைல்களைப் படிக்கும் அனுமதியோடுதான் உள்ளே வருகிறது.

• ஸ்டோர் ஆட்-இன் என்றால், இன்ஸ்டால் செய்யும்போது காட்டும் அனுமதிப் பட்டியலைப் படியுங்கள். கஸ்டமரின் பெயரும் நம்பரும் இருக்கும் டேட்டா என்றால், 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. அடுத்த மூன்று வருடத்தில் எத்தனை வரிசை சேரும்? (இன்றைய அளவு இல்லை.)
2. பார்க்க மட்டுமா, திரும்ப எழுதவும் வேண்டுமா?
3. ஆபீஸில் எல்லோரும் விண்டோஸா? மேக், மொபைல் எத்தனை பேர்?
4. சதவிகிதத்தைச் சரியாகக் கூட்டி வகுக்கிறதா?
5. ஏப்ரல்-மார்ச் நிதியாண்டு புரியுமா? லட்சம், கோடி கமா விழுமா?
6. சந்தாவை நிறுத்தினால் பழைய ரிப்போர்ட் திறக்குமா?
7. இதை அமைத்தவர் வேலையை விட்டுப் போனால், அடுத்தவர் ஒரு வாரத்தில் புரிந்துகொள்ள முடியுமா?

ஏழாவது கேள்விதான் பல ஆபீஸ்களில் ஆப்பு வைப்பது.

ட்ரையலில் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலான கட்டண ஆட்-இன்கள் சில நாள் இலவசமாகத் தரும். அந்த நாட்களில் அவர்கள் தரும் அழகான சாம்பிள் ஃபைலைத் திறக்காதீர்கள். உங்கள் சொந்த டேட்டாவில், விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதத்தை ஏற்றுங்கள். மின்வாரிய ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் மொத்த யூனிட்டும் ஆட்-இன் காட்டும் மொத்தமும் ஒன்றா? மீட்டர் வித்தியாசம் போக மீதி பொருந்தவில்லை என்றால், ஏன் என்று கண்டுபிடிக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பிறகு அதே டேட்டாவை பவர் பிவோட்டில் போட்டுப் பாருங்கள். கட்டண ஆட்-இன் அதைவிட உண்மையிலேயே என்ன கூடுதலாகத் தருகிறது என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். ரெண்டு வரிகூட எழுத முடியவில்லை என்றால், காசு மிச்சம்.

யாருக்கு எது? ஒரு பார்வையில்

• காலேஜ் புராஜெக்ட், சின்னக் கடை, சில ஆயிரம் பில்: பிவோட் டேபிள், அல்லது கூகுள் ஷீட்ஸ்.
• மாதாமாதம் பல ஃபைலைச் சேர்த்து ஒரே மாதிரி ரிப்போர்ட்: பவர் குவெரி + பிவோட்.
• 20 காற்றாலைக்கு மேல், பல அட்டவணை, சதவிகிதக் கணக்கு: பவர் குவெரி + பவர் பிவோட், 64-பிட் எக்ஸெல்.
• பல சைட் சேர்ந்து பட்ஜெட் நிரப்பும் நிறுவனம்: சர்வரோடு இணைந்த ஆட்-இன்.
• மேக் மட்டும் அல்லது மொபைல் மட்டும்: இணையத்தில் ஓடும் டூல்.

வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எக்ஸெல் தெரியுமா?' என்று இன்டர்வியூவில் கேட்டால் எல்லோரும் 'தெரியும் சார்' என்பார்கள். 'சராசரியின் சராசரி ஏன் தப்பு?' என்று 700, 720, 120, 240-ஐ வைத்து நீங்கள் விளக்கினால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. இந்த வாரம் உங்கள் ஆபீஸ் ஃபைல் ஒன்றின் காப்பியை எடுத்து, பவர் பிவோட்டை டிக் செய்து, ஒரே ஒரு மெஷர் எழுதிப் பாருங்கள். மொத்தம் பொருந்துகிறதா என்று சரிபார்த்த பிறகு, காசு கொடுத்து ஆட்-இன் வாங்க வேண்டுமா என்று யோசிக்கலாம்.